நடுவில் இருக்கும் புத்தகங்கள்

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் 14 நாவல்கள். மொத்தம் 40 லட்சம் சொற்களுக்கு மேல். முதல் புத்தகம் 1990இல் வந்தது, கடைசிப் புத்தகம் 2013இல். யாராவது படிக்கப்போறேன் என்று சொன்னால், முடித்தவர்கள் தவறாமல் ஓர் எச்சரிக்கை தருவார்கள்: "எட்டுல இருந்து பத்து வரைக்கும் கதை நகராது. பல்லைக் கடிச்சுக்கிட்டு தாண்டிடு." சிலர் பத்தாவதைப் படிக்கவே வேண்டாம், சுருக்கம் போதும் என்பார்கள்.

எனக்கு அந்த நடுப்புத்தகங்களைப் பற்றித்தான் பேசணும்.

குறை சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. எட்டாவது புத்தகத்தின் முடிவில் பெரினின் மனைவி ஃபேலைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அவன் அவளை மீட்பது பதினோராவதில். அதாவது 1998இல் கடத்தல், 2005இல் மீட்பு. அன்றைக்கு உடனுக்குடன் வாங்கிப் படித்தவர்கள் ஏழு வருஷம் காத்திருந்தார்கள். 2003இல் வந்த பத்தாவது புத்தகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' இன்னும் மோசம். ஒன்பதாவதின் கடைசியில் நடந்த ஒரு பெரிய சம்பவத்தை யார் யார் எங்கெங்கே இருந்து உணர்ந்தார்கள் என்பதிலேயே பாதிப் புத்தகம் போய்விடும். யாரோ தேநீர் குடிப்பார்கள். யாரோ குளிப்பார்கள். உடைகளின் பூவேலையை ஒரு பத்தி முழுக்க வர்ணிப்பார்.

ஆனால் அதே பத்தாவது புத்தகத்தில்தான் பெரின் தன் கோடாலியைத் தூக்கி எறிகிறான்.

பெரின் கொல்லன் பட்டறையில் வேலை கற்றவன். சுத்தியல் பிடித்த கை. ஊரை விட்டுக் கிளம்பும்போது அவனிடம் ஒரு போர்க்கோடாலி வந்து சேர்கிறது. முதல் புத்தகத்திலேயே, ஓநாய்களோடு வாழும் ஏலியாஸ் என்பவர் அவனுக்கு ஒரு விஷயம் சொல்கிறார்: இதை நீ வெறுக்கும்வரை வைத்திரு, வெறுப்பு போன அன்றைக்குத் தூக்கி எறிந்துவிடு. அதன் பிறகு ஒன்பது புத்தகங்களாக அவன் அதை இடுப்பில் சுமக்கிறான். பத்தாவதில், மனைவி எங்கே என்று தெரிந்துகொள்ள, பிடிபட்ட கைதி ஒருவனின் கையை அந்தக் கோடாலியால் வெட்டுகிறான். பிறகு அதை எறிந்துவிட்டு நடக்கிறான்.

இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதுமாக இருக்கிறது. படித்தபோது நான் செங்கல்பட்டு ரயிலில் இருந்தேன், இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருந்தேன்.

இந்தப் புத்தகங்களை எனக்குக் கொடுத்தது அக்கா. ஏழு முடித்திருந்தாள். அப்புறம் கல்யாணம், வேலை மாற்றம், குழந்தை. எட்டாவதைத் திறக்கவே இல்லை. "நீ படிச்சு கதைய மட்டும் சொல்லுடா" என்றாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொல்லிக்கொண்டு வந்தேன். எட்டாவது புத்தகம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒன்பது, ஒரு வாரம். கோடாலி எபிசோடைச் சொன்ன அன்றைக்கு போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு கோடாலிக்கா இவ்ளோ பேச்சு?" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பே இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு கோடாலியும் ஒரு கையும்தான்.

அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அவனுக்கு வெறுப்பு போயிடுச்சா?" என்று கேட்டாள்.

ஏழு புத்தகம் படித்தவள் கேட்கிற கேள்வி அது. ஏலியாஸ் பெயரை நான் எடுக்கவே இல்லை. எத்தனையோ வருஷம் முன்னால் படித்த ஒரு வரி அவளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. சுருக்கத்தில் சம்பவம் வரும், அந்த வரி கூடவே நடந்து வந்த தூரம் வராது. ஒன்றுமே நடக்காத அத்தியாயங்கள் அந்தத் தூரத்தைத்தான் போட்டுத் தருகின்றன. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வ'னைத் தொடராகப் படித்தவர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

"இனிமே சொல்லாத. நானே படிச்சுக்கிறேன்" என்றாள் அக்கா. எப்போ படிப்பே என்று கேட்டேன். குழந்தை தூங்கின பிறகு பத்துப் பக்கமாம். மிச்சம் ஏழு புத்தகம், 5000 பக்கத்துக்கு மேல். ஒன்றரை வருஷம் ஆகும் என்று கணக்குச் சொன்னேன். "ஆகட்டும். அந்தப் பத்துப் பக்கத்துலயாவது என்னை யாரும் கூப்பிடாம இருக்கட்டும்" என்றாள்.

நேரம் என்பது இந்த வரிசையை எழுதியவருக்கே போதவில்லை. ஜோர்டன் 2007 செப்டம்பரில் அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோயால் இறந்துபோனார். கதை முடியவில்லை. முடிவு எப்படி என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தார், குறிப்புகள் விட்டுப்போனார், கடைசிப் பகுதியில் கொஞ்சம் அவரே எழுதியும் வைத்திருந்தார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹேரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்தது பிராண்டன் சாண்டர்சனை. சிறுவயதிலிருந்தே இந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த வாசகர் அவர். ஒரே புத்தகமாக முடிக்க நினைத்தது மூன்றாக வளர்ந்தது. அவசரமாக முடிக்க எல்லாக் காரணமும் இருந்தும் அவசரப்படவில்லை.

அக்கா இப்போது எட்டாவதில் இருக்கிறாள். எனக்குத் தெரிந்த கதையைத்தான் படிக்கிறாள், நான் சொன்ன கதையைத்தான். நேற்று ராத்திரி ஒரு மெசேஜ்: "இன்னிக்கு 12 பக்கம். யாரும் எங்கயும் போகல. நல்லா இருக்கு."