‘ஒண்டும் இல்லை’ என்று வந்தால்

"மிஸ், பப்மெட்டில தேடிப் பார்த்திட்டன், ஒண்டும் இல்லை."

மருத்துவ நூலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளம். சொல்பவர் பெரும்பாலும் பட்டப்பின் ஆய்வைத் தொடங்கியிருக்கும் இளம் டொக்டராக இருப்பார். இரவுக் கடமை முடிந்த கையோடு வந்திருப்பார், கண்ணில் தூக்கம் இருக்கும். அனுபவப்பட்ட நூலகர் உடனே விசைப்பலகையைத் தொடமாட்டார். "என்ன போட்டுத் தேடினீங்க, டொக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார். வேலையில் பாதி அந்தக் கேள்விக்குள் முடிந்துவிடும்.

ஹந்தானை மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. போதனா வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. தெற்காசிய மருத்துவ நஞ்சியல் ஆய்வுக் கூட்டமைப்பின் தளமும் பேராதனைதான். இலங்கையின் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் சற்றுத் தள்ளி கெட்டம்பேயில். ஆகவே நஞ்சூட்டல் பற்றிய கேள்விகள் இந்த வட்டாரத்து ஆய்வாளர்களுக்குப் புதியவை அல்ல. நூலகரின் கைவேலை எப்படிப்பட்டது என்று காட்டவும் அதுவே நல்ல களம்.

மஞ்சள் அலரியை எடுத்துக்கொள்வோம். வேலியோரம் நிற்கும் செடி. அதன் விதையிலுள்ள நஞ்சு, இதயநோய்க்குக் கொடுக்கும் டிஜொக்சின் மருந்தின் உறவு. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். இதற்கான சிகிச்சை பற்றி உலகில் என்னென்ன ஆய்வுகள் வந்திருக்கின்றன என்று ஒரு குழு கேட்கிறது. ஆங்கிலத்தில் ‘யெலோ ஒலியாண்டர்’ என்று மட்டும் தட்டினால் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் தாவரவியலார் இதைத் தெவேஷியா பெருவியானா என்றார்கள். அதற்கு முன் தெவேஷியா நீரிபோலியா என்றார்கள். இன்று காஸ்கபெலா தெவேஷியா என்கிறார்கள். சில கட்டுரைகளில் தாவரத்தின் பெயரே தலைப்பில் இராது, ‘கார்டியாக் கிளைகொசைட்’ என்ற நஞ்சின் வகைப் பெயர்தான் இருக்கும். வெறும் ‘ஒலியாண்டர்’ என்று தேடினாலோ செவ்வலரியும் கூடவே வந்து நிற்கும். அது நீரியம் என்ற வேறு செடி.

நூலகர் இந்தப் பெயர்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டுவார். நஞ்சூட்டலைக் குறிக்கும் சொற்கள் இன்னொரு கட்டு, சிகிச்சைகள் மூன்றாவது. கட்டுக்குள் ‘அல்லது’, கட்டுகளுக்கு இடையில் ‘மற்றும்’. இதோடு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பேணிவரும் மெஷ் என்ற பொருட்சொற் பட்டியலையும் பார்ப்பார். அந்தப் பட்டியலுக்குத் தனிப் பிடிவாதங்கள் உண்டு. பாம்புக்கடி ஆய்வாளர்கள் எல்லோரும் ‘அன்டிவெனம்’ என்று எழுத, பட்டியல் ‘அன்டிவெனின்ஸ்’ என்ற பழைய பெயரைத் தலைப்பாக்கி வைத்திருக்கிறது. கண்ணாடி விரியனைத் தேடுபவர் ‘டபோயா’வோடு நின்றால், அதே பாம்பு ‘வைப்பெரா’ என்ற பெயரில் இருந்த காலத்துக் கட்டுரைகள் கைநழுவிப் போகும்.

அடுத்தது இடம். மஞ்சள் அலரி நஞ்சூட்டலுக்கு ஆளான 170 பேரைப் பற்றிய யாழ்ப்பாண ஆய்வு ஒன்று 1988இல் ஒரு சர்வதேசத் தடயவியல் சஞ்சிகையில் வெளியானது. அது சுட்டிகளில் அகப்படும். ஆனால் அதே காலத்தில் உள்ளூர் மருத்துவச் சங்கங்களின் சஞ்சிகைகளிலும், ஆண்டுக் கூட்டச் சுருக்கத் தொகுப்புகளிலும் வந்தவற்றில் பல அந்தச் சர்வதேசச் சுட்டிகளில் ஏறவில்லை. அவற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய மருத்துவச் சுட்டியைப் பார்க்க வேண்டும், 2008இல் தொடங்கிய ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் இல்லையென்றால் அலுமாரிக்குத்தான் போக வேண்டும். தூசி தட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டும் அந்த வேலைக்கு ஆய்வு முறையியலில் ‘கைத்தேடல்’ என்று மரியாதையான பெயர் உண்டு. பேராதனைக்கு இதில் மரபும் உண்டு: 1970களில் இங்கு பல்கலைக்கழக நூலகராக இருந்த இயன் குணதிலக்க, இலங்கை பற்றி வந்த எழுத்துகளுக்கு ஐந்து தொகுதிகளில் நூற்பட்டியல் செய்தவர். முதல் தொகுதிகள் 1970இல் வெளிவந்தன. கணினி இல்லாத காலத்து வேலை அது.

தேடிய திகதியும் முக்கியம். அலரி விவகாரத்தில் இது தெளிவாகத் தெரியும். டிஜொக்சினுக்கு எதிரான பிறபொருளெதிரி மருந்து பலன் தருவதாக 66 நோயாளிகளில் செய்த இலங்கை ஆய்வு 2000இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. விலை கட்டுப்படியாகாத மருந்து அது. 2003இல் 401 பேரைக் கொண்ட இன்னொரு ஆய்வு, கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இறப்பு 8 வீதத்திலிருந்து 2.5 வீதமாகக் குறைகிறது என்றது. 2006இல் வந்த, ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் மீளாய்வில் இந்த இரண்டும்தான் இடம்பெற்றன. பிறகு 2008இல், இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 4632 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வு வந்தது. அவர்களில் 1647 பேர் அலரி விதை உட்கொண்டவர்கள். கரித்தூளால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பது அதன் முடிவு. 2006இல் தேடலை நிறுத்தியவரும் 2008க்குப் பிறகு தேடியவரும் வேறு வேறு முடிவுகளோடு வார்டுக்குப் போவார்கள். அதனால்தான் நூலகர் தேடல் வரியை அப்படியே சேமித்து, திகதியிட்டு, புதியது வந்தால் மின்னஞ்சல் வரும்படி செய்து வைக்கிறார்.

தேடல் போதிய அளவு பின்னோக்கிப் போகாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் 2001இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் நடந்தது. ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்காக ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளைச் சுவாசித்த 24 வயதுத் தன்னார்வலர், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர், இறந்துபோனார். அந்தப் பொருள் நுரையீரலைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை 1950களின் கட்டுரைகளில் இருந்தது. மெட்லைன் என்ற தரவுத்தளம் அன்று 1966க்கு முன்னால் போகவில்லை. பழைய அச்சுச் சுட்டியைப் புரட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் என்ற கேள்வியை மருத்துவ நூலகர்கள் இன்றும் விடவில்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கட்டுரை இருப்பது தெரிந்தால் மட்டும் போதுமா? கையில் வர வேண்டும். ஒரே ஒரு கட்டுரைக்கு டொலரில் கேட்கும் விலையைப் பார்த்து ஆய்வு மாணவர் மலைத்துப்போவது வழக்கம். 2002இல் உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு சேர்ந்து தொடங்கிய ஹினாரி, நாட்டின் வருமானத்தைப் பொறுத்து இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சஞ்சிகைகளைத் திறந்துவிடுகிறது. அதிலும் இல்லாவிட்டால் ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல். பல பேராசிரியர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

அண்மைக்காலத்தில் ஒரு புதுத் தலைவலி. உரையாடற் செயலிகள் எழுதிக் கொடுத்த மேற்கோள் பட்டியலோடு ஆட்கள் வருகிறார்கள். சஞ்சிகை உண்மை, ஆசிரியர் உண்மை, ஆண்டும் தொகுதியும் நம்பும்படி இருக்கும். கட்டுரை மட்டும் இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதி செய்ய, இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்: அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து, குறித்த பக்கத்தில் வேறு யாருடைய கட்டுரை இருக்கிறது என்று காட்டினால்தான் மறுதரப்பு நம்பும்.

இவ்வளவும் செய்தவரின் பெயர் கட்டுரையில் எங்கே வரும்? அநேகமாகக் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில், ‘நூலக ஊழியர்கள்’ என்ற பொதுப்பெயரோடு. முறைசார் மீளாய்வில் தேடல் வரியை அமைப்பது ஆய்வின் ஒரு பகுதிதானே! நூலகர் இணையாசிரியராக இருந்த மீளாய்வுகளில் தேடல் கூடுதல் தரத்தோடு அறிக்கையிடப்பட்டிருந்ததை, பொது மருத்துவச் சஞ்சிகைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. தேடலை எப்படி எழுதிக்காட்ட வேண்டும் என்பதற்கு பிரிஸ்மா-எஸ் என்ற தனி வழிகாட்டியே 2021இல் வந்துவிட்டது: எந்தத் தரவுத்தளம், எந்தத் தளத்தினூடாக, எந்தத் திகதியில், எந்த வரி, எத்தனை முடிவு. ஆய்வு முன்மொழிவை ஆராயும் ஒழுக்கவியல் குழுக்கள் ஒப்புதல் படிவத்தைக் கேட்கிற அதே கண்டிப்போடு இந்தப் பக்கத்தையும் கேட்கத் தொடங்கலாம். கேட்டால், இரவுக் கடமை முடிந்து வரும் அந்த டொக்டர், ஆய்வு எழுதி முடிந்த பிறகு அல்ல, கேள்வி உருவாகும்போதே நூலகத்துப் படியேறுவார்.