பழைய மிதிவண்டியும் ஒட்டுப்படங்களும்

பீடோர் வட்டாரத்துத் தோட்டங்களில் மிதிவண்டி என்பது ஒருகாலத்தில் குடும்பத்தில் ஓர் ஆளைப் போன்றது. விடியுமுன் பால்வெட்டச் செல்வதற்கும், நிறைந்த பால்வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு வருவதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் அதுவே துணை. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய சப்பானியப் படையினருங்கூட மிதிவண்டிகளிலேயே தெற்கு நோக்கி விரைந்தனர். கம்பார்ப் போருக்குப் பின், 1942 சனவரியில், அவர்கள் சிலிம் ரிவருக்குச் சென்ற பெருஞ்சாலை நம் பீடோர் வழியாகச் செல்வதுதான்.

எங்கள் தாத்தாவின் ராலே மிதிவண்டி, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்து வீட்டிலிருந்து எங்களுடன் வந்த மிகச் சில பொருள்களுள் ஒன்று. பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் அதைக் கண்டு, ஒட்டுப்படங்களைச் சுரண்டியெறிந்து புதுச்சாயம் பூசித் தந்தால் நல்ல விலை கொடுப்பதாகக் கூறினார். பாட்டியார் எழுந்து உள்ளே போய்விட்டார். விற்பனைப் பேச்சு அத்துடன் முடிந்தது. ஆயினும் ஒட்டுப்படங்கள் மிகுந்து வண்டியின் உருவே மறைந்திருந்தது உண்மை. எனவே அவற்றை நாங்களே அகற்ற முற்பட்டோம்.

ராலே வண்டி இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செய்யப்பட்டது. அங்கே வண்டி செய்யும் வேலை 2002-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; ஆகவே அந்தப் பழைய பூச்சு போனால் போனதுதான். கருஞ்சாயம் சூளையில் வெப்பமேற்றி இறுக்கப்பட்டதாகையால் உறுதியானது. ஆனால் சட்டத்தின்மேல் உள்ள பொன்னெழுத்துகளும் மெல்லிய பொற்கோடுகளும் அப்படியல்ல. அவை தாள்போல் மெல்லிய படலமாகப் பதிக்கப்பட்டு, மேலே வார்னிஷ் பூசப்பட்டவை. சாயத்திற்குத் தீங்கு செய்யாத மருந்து இவ்வெழுத்துகளை ஒரு நொடியில் கரைத்துவிடக்கூடும். அவசரக்காரர்கள் கெடுப்பது பெரும்பாலும் இவ்விடத்தைத்தான்.

பசையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். தானே ஒட்டிக்கொள்ளும் சீட்டுகளை 1935-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் செய்யத் தொடங்கினார். அக்காலப் பசைகள் பல, இயற்கை ரப்பரும் மரப்பிசினும் கலந்தவை. தாத்தா வெட்டிய பால் கப்பலேறிப் போய், எங்கோ பசையாகி, அவருடைய வண்டிக்கே திரும்பி வந்திருக்கலாம் என்று எண்ணி நாங்கள் சிரித்துக்கொண்டோம்! ரப்பர் வெயிலிலும் காற்றிலும் கிடந்து நாளடைவில் இறுகி வெடிக்கும். அதனால்தான் பழைய படங்கள் உரியாமல் துண்டுதுண்டாக உடைகின்றன.

முதலில் வண்டியைச் சவர்க்கார நீரால் கழுவி மணலைப் போக்கினோம். மணல் இருக்கையில் தேய்த்தால் சாயத்தில் கீறல் விழும். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் படத்தின்மேல் சில நிமிடம் வைத்து, மீண்டும் மீண்டும் மாற்றினோம். கை பொறுக்கும் சூடு போதும். பசை இளகியதும் ஓரத்தை நகத்தால் கிளப்பி, படத்தை மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடித்து மெல்ல மெல்ல உரிக்க வேண்டும். நகம் தளர்ந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டை உதவும். கத்தி, கம்பிநார், உப்புத்தாள் ஆகியவற்றை அருகிலும் சேர்க்கலாகாது.

எஞ்சிய பசையில் தேங்காயெண்ணெய் தடவி ஓர் இரவு விட்டோம். காலையில் பெரும்பகுதி துணியோடு வந்துவிட்டது. அதற்கும் அசையாததற்கு மண்ணெண்ணெய். அதையும் இருக்கையின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளி தொட்டு, துணியில் கருமை ஏறுகிறதா என்று பார்த்த பின்பே பயன்படுத்தினோம். பொன்னெழுத்துகளின் பக்கம் மண்ணெண்ணெயைக் கொண்டுபோகவில்லை; அங்கே வெந்நீரும் எண்ணெயும் பொறுமையுமே. தின்னரும் நகச்சாயம் அழிக்கும் நீரும் வேண்டவே வேண்டா. இறுதியில் தாத்தாவின் பழைய வேட்டித் துணியால் மெழுகு பூசினோம்.

படங்கள் இருந்த இடங்கள் இன்னும் கருமையாகத் தெரிகின்றன. சுற்றிலும் வெயில் வெளுக்கச் செய்த சாயத்திற்கும் மறைந்திருந்த சாயத்திற்கும் உள்ள வேறுபாடு அது. தேய்த்துச் சமன்செய்ய முயன்றால் பூச்சுதான் குறையும், அப்படியே விட்டுவிட்டோம்.

ஒன்றை மட்டும் நாங்கள் தொடவில்லை. இருக்கைக்குக் கீழுள்ள குழாயில், 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ஒட்டுப்படம் ஒன்று, ஓரம் கிழிந்து, நிறம் மங்கி இருக்கிறது. தம்பி அதையும் எடுக்கவேண்டும் என்றான். அதன் கீழே ராலேயின் எழுத்து முழுமையாக இருக்கக்கூடும் என்பது அவன் வாதம். தாத்தா தம் கையால் ஒட்டியது அது ஒன்றுதான் என்று பாட்டியார் சொன்னார். ஓரம் மேலும் கிளம்பாதபடி சிறிது மெழுகு மட்டும் தடவினோம். அதன் கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை.