மழை எறிந்த மண்

நான் பிறந்த லயத்தின் வெளிச்சுவருக்கு ஆண்டுதோறும் தைப்பொங்கலை ஒட்டிச் சுண்ணாம்பு பூசுவார்கள். சித்திரை மழை ஓய்வதற்குள் அச்சுவரின் கீழ்ப்பகுதி சிவந்துவிடும். நிலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரம்வரை செம்மண் புள்ளிகள். நாங்கள் பந்தடித்ததன் விளைவென்று அம்மா ஏசுவார். "பிள்ளைகள ஏசாத, அது மழ எறிஞ்ச மண்ணு" என்பார் அப்பா.

அப்பா தோட்டத்தில் கான் வெட்டுபவர். தேயிலை மலையின் சரிவுக்குக் குறுக்காக வெட்டப்படும் வடிகாலையே மலையகத்தில் கான் என்போம். அதன் உள்ளே இடையிடையே சிறு வரம்புகள் விடப்பட்டிருக்கும். ஓடிவரும் நீர் அங்கே தயங்கி, சுமந்து வந்த மண்ணை இறக்கிவிட்டுச் செல்லும். பெருமழைக்குப் பின்னர் அந்தச் சேற்றை வாரி, கானுக்கு மேற்புறத்தில் உள்ள தேயிலைத் தூர்களுக்கே திருப்பிப் போடுவது அப்பாவின் வேலை. மழை இறக்கியதை மனிதன் ஏற்றுகிறான். அடுத்த மழைக்கு மீண்டும் அதே வேலைதான்.

கலைப் பட்டதாரியான எனக்கு அப்பாவின் சொல்லில் இருந்த பௌதிகம் விளங்கப் பல காலம் சென்றது. பெரியதொரு மழைத்துளி விநாடிக்கு ஒன்பது மீற்றர் வரையான வேகத்தில் நிலத்தில் மோதுகிறது. வெறுமையான மண்ணில் அந்த மோதலே முதற்சேதம். மண்கட்டி உடைந்து, துகள்கள் இரண்டடி உயரம் வரையும் தெறிக்கின்றன. சமதரையில் தெறித்தவை எல்லாத் திசைகளிலும் விழும். சரிவிலோ பெரும்பாலானவை கீழ்ப்புறமாகவே விழும். உடைந்த நுண்துகள்கள் நிலத்தின் துவாரங்களை அடைத்துவிடுவதால் நீர் உள்ளிறங்காது மேலே வழிந்தோடத் தொடங்கும். முதலில் தாள்போல் மெல்லிய படையாக மண் உரியும். பின்னர் விரலளவு தடங்கள் தோன்றும், அவையே நாளடைவில் ஓடைகளாகும். உயர்ந்த மரம் இருந்தால் மண் தப்பிவிடும் என்று நான்கூட எழுதியிருக்கிறேன். அது முழு உண்மையன்று. இலைகளில் திரண்டு உயரத்திலிருந்து விழும் துளி மேலும் பெரிதாயிருக்கும். மண்ணைக் காப்பது தரையோடு ஒட்டிய புல்லும் சருகுமே. அந்தப் புல்லைத்தான் பழைய துரைமார் காலத்தில் ஒன்றுவிடாமல் சுரண்டச் சொன்னார்கள். சுத்தமான மலை நல்ல மலை என்பது அவர்களது கணக்கு.

காடழித்துக் கோப்பி நட்ட நாள் முதலாகவே மலைநாட்டின் மேல்மண் இறங்கி வருகிறது. 1947 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னரே ஆட்சியாளர்கள் விழித்தார்கள். 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பேராதனையில் படித்த காலத்தில், மழை நாட்களில் மகாவலி செங்காவியாக ஓடுவதை அழகென்று இரசித்து நின்றவன் நான். எங்கள் ஊர் மண்ணும் அதில் கலந்து நீர்த்தேக்கங்களின் அடியில் படிகிறது என்ற எண்ணம் அன்று எழவில்லை.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. இரு தடவையும் செய்தியறையில் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள்: எத்தனை மில்லிமீற்றர் மழை, எத்தனை உயிர்கள்? மண்சரிவும் மண்ணரிப்பும் வெவ்வேறானவை. முன்னது நீரூறிக் கனத்த சரிவு பெயர்ந்து விழுவது. பின்னது மழைக்கு மழை துகள் துகளாய் நிகழ்வது. மண்சரிவுக்கு முன்பக்கத்தில் இடமுண்டு. மண்ணரிப்பைப் பற்றி முப்பது ஆண்டுகாலத் தொழிலில் நான் எழுதியது இரண்டு கட்டுரைகள். அவற்றுள் ஒன்று இடமின்மையால் பாதியாக வெட்டப்பட்டது. அப்போது நான் ஆட்சேபிக்கவுமில்லை.

"தண்ணி போறது எல்லாருக்கும் தெரியும்டா தம்பி, மண்ணு போறது கான் வெட்டுறவனுக்குத்தான் தெரியும்" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அதைத் தலைப்பாக இட்டிருக்கலாம்.

டித்வாவுக்குப் பின்னர் எங்கள் தோட்டத்திற்குப் போயிருந்தேன். மலையில் பல தேயிலைத் தூர்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே விரல்களைப்போல் தெரிந்தன. இப்போது கான் வெட்ட ஆளில்லை என்றார்கள். அப்பா வெட்டிய கானைத் தேடி மேலே ஏறினேன். அதைக் கடந்து சென்ற பின்னர்தான், உடன் வந்த முதியவர் திரும்பி நின்று காட்டினார். சேறு நிறைந்து, புல் முளைத்து, நிலத்தோடு நிலமாகியிருந்தது.