பதினைந்தாவது இலக்கம்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆலைகளில் உருவாகும் ஒவ்வொரு செல்போனுக்கும் தனக்கென்று ஒரு முழு எண் உண்டு. *#06# அழுத்தினால் திரையில் வரும் ஐஎம்இஐ நம்பர்தான் அது. பதினைந்து இலக்கம். 35 என்று தொடங்கினால், முந்நூற்றைம்பது லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்.

முதல் எட்டு இலக்கம் மாடலுக்கு. அடுத்த ஆறு வரிசை எண். 000000 முதல் 999999 வரை பத்து லட்சம் போன்தான் அடங்கும். அதற்கு மேல் போனால் அதே மாடலுக்கு இன்னொரு எட்டு இலக்கம் வாங்க வேண்டும். 2006 முதல் 2014 வரை இங்கே ஓடிய நோக்கியா ஆலை கோடிக்கணக்கில் போன் செய்தது. அப்படி எத்தனை எட்டு இலக்கத் தலைப்பு எண்கள் இந்த மண்ணில் தீர்ந்திருக்கும்!

என்னைக் கட்டிப்போட்டது கடைசி இலக்கம். அதை யாரும் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. முன்னுள்ள பதினான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறை இது. ஸ்ரீபெரும்புதூர் பின்கோடு 602105ஐ வைத்தே போட்டுப் பார்க்கலாம். வலக்கோடியில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 5 இரட்டித்தால் 10, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1. 1 இரட்டித்தால் 2. 0 அப்படியே. மீதி 0, 2, 6. மொத்தம் 11. இருபதை எட்ட 9 வேண்டும். அதுதான் காவல் இலக்கம். அவசரத்தில் 21ஐ 12 என்று எழுதிவிட்டால் காவல் இலக்கத்தோடு மொத்தம் 21 ஆகி, பத்தால் வகுபடாமல் நின்றுவிடும்.

இதன் அழகு இரட்டிப்பில் இருக்கிறது. 0 முதல் 9 வரை இரட்டித்து இலக்கம் கூட்டினால் 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 வருகிறது. பத்தும் இருக்கின்றன, ஒன்றும் இருமுறை வரவில்லை. ஆகவே எந்த ஓர் இலக்கம் தவறினாலும் அகப்படும்.

போன் டவரோடு பேசும்போது இந்தப் பதினைந்தாவது இலக்கம் அனுப்பப்படுவதே இல்லை. மனிதர் கையால் பதியும்போது வரும் பிழைக்காக மட்டும் அது இருக்கிறது. ஷிப்ட் பஸ்ஸில் போனைத் தொலைத்த ஒரு பெண், 2023 மே மாதம் முதல் நாடு முழுதும் இயங்கும் சஞ்சார் சாத்தி அரசுத் தளத்தில் அதை முடக்கச் சொல்லலாம். காவல் இலக்கம் இல்லாவிட்டால், ஓர் எண் பிசகினாலும் வேறொருவரின் போன் முடங்கிவிடலாம்.

இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. 0, 9 இரண்டும் இரட்டித்தாலும் மாறாதவை. அதனால் 09ஐ 90 என்று எழுதினால் லூன் முறைக்குத் தெரியாது. டச்சுக் கணிதர் வெர்ஹோஃப் 1969இல் இதை அடைத்தார். ஐங்கோணத்தைச் சுழற்றுவதும் புரட்டுவதும் வரிசை மாறினால் வேறு விடை தரும் என்பதே அவர் பிடித்த நூல். நம் ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கம் அவர் முறையில் வருவது. வலிமை அதற்குத்தான் அதிகம். ஆனால் அதற்கு அட்டவணை வேண்டும். லூன் கணக்கை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனதிலேயே போட்டுவிடலாம். எனக்கு லூன் பக்கம்தான் சாய்வு.