தலைமன்னார்க் கடலில் ஒரு நாள்

மன்னார்த் தீவின் மேற்கு நுனியில் இருக்கிறது தலைமன்னார். அங்கிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர்தான். இடையில் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளைத்தான் இராமர் அணை என்கிறோம். 1914 முதல் இரு கரைகளுக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் அதுவும் நின்றது.

ஆவணி மாதப் பள்ளி விடுமுறையில் அம்மா, தங்கை, பிள்ளைகள் என ஏழு பேர் மன்னார் பட்டினத்திலிருந்து பஸ்ஸில் அங்கே போனோம். வழியெல்லாம் பனை. பேசாலையை நெருங்கவே கருவாட்டு வாசம் வந்துவிட்டது. புட்டும் பொரித்த மீனும் கட்டி எடுத்திருந்தோம்.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தீவின் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் இது மாறிவிடும். ஆகவே வடகரைக்குப் போனோம். வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஐயாவிடம் ஆழம் கேட்ட பிறகே பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டோம்.

அம்மா மட்டும் மணலிலேயே இருந்துவிட்டார். 1990இல் மன்னார்க் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள். எங்களையும் அம்மா அப்படித்தான் கொண்டுபோனார். அதே ஆண்டு ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட இத்தீவின் முஸ்லிம் குடும்பங்கள் கடல்வழியே கற்பிட்டிக்குப் போயின. கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கடல் கடந்த தாய்மார் இரு சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடற்கரை என்றால் உயிர்தப்பி ஓடிய இடம்.

"அம்மம்மா, தண்ணி முழங்கால் மட்டும்தான், வாங்கோ" என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் பேசாமல் கடலைப் பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து பிள்ளைகளுக்குச் சிப்பி பொறுக்கிக் கொடுத்தார். பின்னேரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள்தான் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சகோதரிகளே, பயந்த இடத்துக்குப் போகும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. மனம் வந்தால் பகலில், துணையோடு, பிள்ளைகளோடு போய் வாருங்கள். செலவு பஸ் காசும் ஒரு நேரச் சாப்பாடும்தான். நாம் வள்ளமேறிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அதே கடலில் அவர்கள் குளித்து விளையாடவும் வேண்டும்.