எல்லா ஊரிலும் பத்து அடிதான்

சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் 2025-இல் ஆட்குறைப்பு செய்தார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்தது. இரண்டு பெட்டிகளோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தேன். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்ப்பவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போ திரும்பிப் போறீங்க?" விடுமுறையில் வந்திருப்பதாகச் சொல்லிச் சமாளித்தேன். அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

தம்பி மட்டும் எதுவும் கேட்கவில்லை. பள்ளி நாட்களில் கூடைப்பந்தே கதி என்று கிடந்தவன் அவன். "பந்து சோறு போடுமா?" என்று அப்பா திட்டுவார். நானும் அப்பா பக்கம்தான். இப்போது அவன் வயரிங் வேலை செய்கிறான். மாலையில் குடியிருப்புப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறான்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணே, ஜெரமி லின் ஓய்வு பெறப் போறாராம்" என்றான்.

அந்தப் பெயர் எனக்கும் பழக்கம்தான். 2012 பிப்ரவரியில் என் கணினியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவர் ஆட்டங்களையே ஓடவிட்டுக்கொண்டிருந்தான் தம்பி. தைவானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகன் லின். உயர்நிலைப் பள்ளி அணிக்குத் தலைமை தாங்கி மாநில வெற்றியாளர் பட்டம் வென்றும், எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் விளையாட்டு உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. ஹார்வர்டில் படித்தபடி விளையாடினார். 2010-இல் என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரை யாரும் எடுக்கவில்லை. பிறகு அவர் வளர்ந்த வட்டாரத்தின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஒப்பந்தம் செய்து, 2011 டிசம்பரில் விடுவித்தது. ஹூஸ்டன் அணி எடுத்தது. இரண்டு வாரத்துக்குள், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அதுவும் அனுப்பிவிட்டது.

நியூயார்க் நிக்ஸ் அணியில் இடம் கிடைத்தபோது அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கியவர், பிப்ரவரி 4-ஆம் தேதி 25 புள்ளிகள் எடுத்தார். 10-ஆம் தேதி கோபி பிரயன்ட் ஆடிய லேக்கர்ஸுக்கு எதிராக 38. நிக்ஸ் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் வென்றது. உலகமே அவர் பெயரைச் சொன்னது.

என் நினைவில் லின் அங்கேயே நின்றுவிட்டார். "அப்புறம் அமெரிக்காவுல இடம் கிடைக்காம தைவானுக்குப் போயிட்டாருல்ல?" என்றேன். தம்பி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மீதிக் கதையைச் சொன்னான்.

நிக்ஸுக்குப் பிறகு ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், சார்லட், புரூக்ளின் என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். 2017-இல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்து, அந்தப் பருவமே போனது. 2019-இல் டொராண்டோ ராப்டர்ஸ் அணியோடு என்பிஏ பட்டம் வென்றார். ஆனால் இறுதிச் சுற்றில் பெரும்பாலும் ஓரத்து இருக்கையில்தான் இருந்தார். அடுத்த மாதம் தைவானில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, என்பிஏ தன்னைக் கைவிட்டதாகச் சொல்லி அழுதார். பெய்ஜிங் அணிக்கு ஆடினார். மறுபடி அமெரிக்கா போய் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிப் பார்த்தார். என்பிஏ கதவு திறக்கவில்லை. 2023-இல் பெற்றோரின் மண்ணான தைவானுக்கே ஆட வந்தார். அங்கே நியூ தைப்பே கிங்ஸ் அணியில் தம்பி ஜோசப்போடு சேர்ந்து ஆடி, 2024-இலும் 2025-இலும் பட்டம் வென்றார். 37 வயதில் விடைபெற்றார்.

"இடம் கிடைக்காமப் போனாருன்னு சொல்றீங்க. கூடை எல்லா ஊர்லயும் பத்து அடி உயரத்துலதான்ணே இருக்கு. அங்கேயும் ஓடித்தானே ஆகணும்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க லீவுல வரலேன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கோடிக்கணக்கில் சம்பாதித்தவர் தைவானுக்குப் போவதும், வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு நான் வேலையில்லாமல் நிற்பதும் ஒன்றா? ஒன்றில்லைதான். ஆனால் இரவு படுத்தபோது வேறொன்று உறுத்தியது. பதினோரு ஆண்டுகளாக நான் நன்றாகச் செய்த கணக்கு வேலை என் கையைவிட்டுப் போகவில்லை. போனது அதைச் செய்த இடம் மட்டும்தான். இரண்டையும் ஒன்றாக்கி வைத்துக்கொண்டு ஒளிந்து திரிந்தேன்.

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அப்படின்னா இனிமே அரிசி கூடுதலா வாங்கணும்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது ஈப்போவிலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் குறைவு, கடனை அடைக்கக் கூடுதல் காலம் ஆகும். மாலையில் தம்பியின் திடலுக்குப் போகிறேன். எனக்குப் பந்து போட வராது. பிள்ளைகள் தவறவிடும் பந்துகளை வேலியோரம் ஓடிப் பொறுக்கிக் கொடுக்கிறேன்.

போன வாரம் கோயிலில் உறவுக்காரர் ஒருவர் வழக்கம்போலக் கேட்டார், "எப்போ திரும்பிப் போறீங்க?"

"திரும்பி வந்துட்டேன் மாமா" என்றேன்.