சவுக்குக் கம்பு

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதற்குத் தெற்கேயும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த படங்கள் பேப்பரில் வந்தன. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. எங்களுக்குக் கடல் என்றால் ராத்திரி மெயில் பிடித்து மெரினாவுக்குப் போய் சுண்டல் தின்றுவிட்டு வருவதுதான். ஆனால் எங்கள் தெருப் பையன் ஒருவன் தரமணியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். டிசம்பர் போய் ஜனவரி வந்தால் வாராவாரம் ஒரு ராத்திரியை மணலில் கழிப்பவன். "வெள்ளிக்கிழமை வாண்ணா, தூக்கத்த மட்டும் ஊர்லயே விட்டுட்டு வா" என்றான். மார்ச்சில் போனேன்.

சென்னையில் ராத்திரி ஆமை முட்டை தேடி நடப்பது புதுப் பழக்கமில்லை. 1970களின் தொடக்கத்திலேயே ரோமுலஸ் விட்டேக்கரும் பாம்புப் பண்ணைக்காரர்களும் ராத்திரியில் கரையோரம் நடந்து முட்டை தேடியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். 1982இல் லட்சத்தீவின் சுஹேலி தீவில் மழைக்காலம் முழுக்கத் தன்னந்தனியாக இருந்து ஆமை எண்ணியவர். மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்க்க, கடிதம் வீடு வந்துவிட்டது. இந்தக் கதையை நடக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர், எங்கள் பேட்டையிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று நாங்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர்.

நடு ராத்திரிக்கு நீலாங்கரைப் பக்கம் மணலில் இறங்கினோம். பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் இருக்கும். கூட வந்தவர்கள் காலேஜ் பிள்ளைகள், ஒரு பேங்க் அம்மா, எட்டாவது படிக்கும் மகளோடு வந்த ஓர் அப்பா. முன்னால் நடந்தவர் அறுபது வயதிருக்கும் ஒரு மீனவர். பிள்ளைகள் அவரை அண்ணா என்றார்கள். நான் அண்ணே என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூர் என்றேன். "அங்க கடலே இல்லியே, அப்பறம் இன்னாத்துக்கு ஆமை?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தார்.

அவர் கையில் ஒரு சவுக்குக் கம்பு. மார்பு உயரம், பட்டை உரித்தது, பிடிக்கும் இடம் மட்டும் கறுத்திருந்தது. டார்ச் அடிக்கவில்லை. ஈர மணலில் இரண்டடி அகலத்துக்கு ஒரு தடம் மேலே ஏறி, பக்கத்திலேயே இன்னொன்று இறங்கியிருந்ததை அவர்தான் முதலில் பார்த்தார். எனக்கு அது யாரோ படகை இழுத்த தடம். தடம் இருந்தால் முட்டை இருக்கும் என்றும் இல்லை. நாய் குரைத்தாலோ வெளிச்சம் கண்ணில் பட்டாலோ வெறுமனே ஏறிப்பார்த்துவிட்டுத் திரும்பிவிடுமாம்.

இது இட்டுவிட்டுப் போனது. முட்டையிட்டு முடித்ததும் பங்குனி ஆமை குழியை மூடி, தன் உடம்பையே இடமும் வலமும் சாய்த்துத் தட்டி மணலை இறுக்குகிறது. பிறகு துடுப்புக்காலால் சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. அங்கே பாய் விரிக்கும் அளவுக்கு மணல் கலைந்து கிடந்தது. அதற்குள் ஒரு சாண் அகலமுள்ள குழியின் கழுத்து எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அண்ணன் கம்பைக் குத்தவில்லை. நேராகப் பிடித்து, அதன் எடையிலேயே இறங்க விட்டார். விரற்கடை போய் நின்றது. தள்ளி வைத்தார்; நின்றது. எட்டாவதோ பத்தாவதோ இடத்தில் கம்பு கடகடவென்று இறங்கியது. அந்த நொடியில் கை அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் நுனி மஞ்சளோடு வெளியே வரும். பேங்க் அம்மா இரண்டு சீசனாக இதைக் கற்கிறாராம். "புத்தகத்துல எல்லாம் இருக்கு சார், கைக்குத்தான் வரல" என்றார்.

அண்ணன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மறைக்கவில்லை. "எங்கப்பா கூட முட்ட எடுக்க வருவேன். பத்து வயசு. கூடைல அள்ளிக்கினு போய் வித்துருவோம், மீதிய தின்னுருவோம். டார்ச் எடுத்துக்கினு பேண்ட் போட்ட பசங்க வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள நாங்க எடுத்துருவோம்." அதே கை, அதே மாதிரிக் கம்பு. வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குச் சமமாக இந்த ஆமையை வைத்தார்கள். முட்டை எடுத்தால் ஜெயில் என்றானது. அப்பா போனபின் இவர் மீன்பிடித்தார். பின்னாளில் ஒரு மாணவர் கூட்டம் வழியில் கம்பு போடத் தெரியாமல் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கிப் போட்டுக் காட்டியிருக்கிறார். இப்போது சீசனுக்கு மட்டும் சம்பளம் உண்டு. மற்ற மாதங்களில் வலை பின்னுகிறார். மகன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறான்.

சர்டிபிகேட்டும் போட்டோவும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் சென்னையில் ஆமைக்கூடு பார்க்கும் வித்தை முட்டை திருடியவர்களின் கையில்தான் இருந்தது. படித்தவர்கள் அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். இதை எந்தப் பலகையிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அன்று எடுத்தது நூற்றுப் பதினேழு முட்டை. துணிப்பையின் அடியில் அந்தக் கூட்டின் ஈர மணலையே போட்டு ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். முட்டைக்குள் கரு மேல்பக்கமாக ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் அறுந்து செத்துவிடும். ஆகவே சில மணி நேரத்துக்குள் ஹேச்சரிக்குப் போயாக வேண்டும். மூங்கிலும் வலையும் கட்டிய அந்த வேலிக்குள் கூட்டில் இருந்த அதே ஒன்றரை அடி ஆழத்துக்கு, கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி தோண்டி உள்ளே வைத்தார்கள். நோட்டில் என்னென்னவோ குறித்தார்கள்; நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இட்ட இடத்திலேயே முட்டையை விட்டுவிடுவதுதான் நல்லது என்று ஆமை படித்தவர்களே சொல்கிறார்கள். ஒடிசாவின் ருசிகுல்யாவில் லட்சக்கணக்கில் ஏறுகிறவற்றுக்கு யாரும் குழி தோண்டித் தருவதில்லை. இங்கே நாயும் தெருவிளக்கும் அந்த வழியை அடைத்துவிட்டன. பொரிந்த குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும். பெசன்ட் நகரில் வெளிச்சம் இருப்பது கடலில் அல்ல, ரோட்டில். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வரும். மணல் 31 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலும் பெட்டை, 28க்குக் கீழே ஆண். ஏப்ரல் வெயிலுக்கு மேலே நிழல் கட்டாவிட்டால் எல்லாம் பெட்டையாகவே பொரியும். இன்னும் ஏறினால் எதுவுமே பொரியாது. வளர்ந்து பெரிதாவது ஆயிரத்தில் ஒன்று என்பார்கள்.

இவ்வளவும் செய்து கடலில் விட்டபின் அங்கே இழுவைமடி வலை காத்திருக்கிறது. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் மடியில் மாட்டினால் மூழ்கிச் சாகும். ஜனவரியில் ஒதுங்கியவை அப்படிச் செத்தவை. முட்டையிட வருகிற காலத்தில் கரையை ஒட்டி விசைப்படகு இழுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை மேல்வாசலில் தப்பிக்கும். கொச்சியின் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிகளுக்கென்றே அதைச் செய்து கொடுத்திருக்கிறது. அது இல்லாததால்தான் அமெரிக்கா 2019இல் நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. அப்படியும் கம்பிச் சட்டம் படகுகளில் ஏறவில்லை. ஏன் ஏறும்? அதை வைத்தால் ஆமையோடு கொஞ்சம் இறாலும் போகும். அந்த நஷ்டத்தை முன்பணம் கொடுத்துப் படகைக் கட்டிப்போட்டிருக்கும் வியாபாரி ஏற்கமாட்டான். விலை வைப்பது அவன், எடை போடுவதும் அவன். ஓனர் டீசல் செலவைக் கழித்துக்கொள்வார். மிஞ்சுவது பங்குக்குப் போகிறவன் பங்கு, குறைவது அதில்தான். ஆனால் ஆமை செத்தால் டிவிக்காரன் மைக்கை நீட்டுவது அவன் முகத்துக்கு முன்னால். இறாலை ஐஸ் பெட்டியில் ஏற்றி அனுப்பியவன் எந்தப் படத்திலும் வருவதில்லை.

கம்பிச் சட்டம் வைக்கச் சொல்லி மகனிடம் பேசியிருக்கிறீர்களா என்று அண்ணனைக் கேட்டேன். கம்பிலிருந்த மணலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? அவன் இன்னா ஓனரா?"